ஏ.சி.எல். (முழங்கால் ஜவ்வு) ஆபரேஷன் முடிந்து 5 மாதம், டோர்னமென்ட்டில் இறங்கலாமா?

ரைடர்07:
காலேஜ் டீமில் கபடி ஆடுகிறேன். பாடி போய்விட்டுத் திரும்பும்போது பாதம் தரை விரிப்பிலேயே (மேட்) நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. டப் என்று ஒரு சத்தம். வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுக் கட்டினார்கள், வீக்கம் வடிந்ததும் நானும் மறுபடி ஆடப் போய், முட்டி கழண்ட மாதிரி மடங்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. இப்போது வலியே இல்லை, ஓடுகிறேன். அடுத்த மாதம் டோர்னமென்ட். கோச் இறங்கு என்கிறார், பிசியோ கூடாது என்கிறார். ஜடேஜா 2022 செப்டம்பரில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு ஜனவரியிலேயே சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆடி 7 விக்கெட் எடுத்தாரே?

லெஃப்ட்விங்:
தம்பி, கிரிக்கெட்டில் யாரும் காலைப் பிடித்து இழுப்பதில்லை. உங்கள் ஆட்டமே அதுதான். ஏமாற்றுகிற மாதம் என்றால் இந்த 5, 6தான். தொடையிலிருந்தோ முட்டிக்குக் கீழிருந்தோ எடுத்து வைத்த நார், எலும்போடு ஒட்டி, ரத்த ஓட்டம் வந்து ஜவ்வாக மாறப் பல மாதம் பிடிக்கும், வலி போய்விட்டதால் அது முடிந்துவிட்டது என்று ஆகாது. நான் ஃபுட்பாலில் 6வது மாதமே இறங்கி அதே முட்டியை மறுபடி அறுத்துக்கொண்டவன். 9 மாதத்துக்கு முன்னால் யோசிக்கவே வேண்டாம். ஃபுட்பால் வீரர் வான் டைக்குக்கு 2020 அக்டோபரில் அறுந்தது, அடுத்த ஜூனில் யூரோ கோப்பை இருந்தும் போகவில்லை. நெதர்லாந்து கேப்டனே உட்கார்ந்திருந்தார்.

செட்டர்அக்கா:
நான் வாலிபால். எனக்குக் காலை விட மனசுதான் லேட். பிளாக் போட்டு இறங்கும்போது என்னை அறியாமல் நல்ல காலிலேயே விழுவேன், போன் வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் தினமும் சின்ன ஸ்டூலில் இருந்து ஆபரேஷன் கால் மட்டும் ஊன்றி இறங்கிப் பழகினேன், முட்டி உள்பக்கம் சாயாமல். ஒன்று செய்யுங்கள்: பிசியோ பக்கத்தில் இருக்கும்போது ஒற்றைக்காலில் தாவி டேப் வைத்து அளந்து பாருங்கள். நல்ல காலில் தாவுவதில் 90 சதவீதமாவது வரவேண்டும், அதுவும் மற்ற டெஸ்டுகளோடு சேர்த்துத்தான் கணக்கு.

ரைடர்07:
இன்று அளந்தோம். நல்ல கால் 148 செ.மீ., ஆபரேஷன் கால் 109. இறங்கும்போது முட்டி நடுங்கியது வேறு. டேப்போடு போட்டோ எடுத்து கோச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.