அமைதி நோபல் குறுக்கெழுத்து: மூணு க்ளூல மாட்டிக்கிட்டேன், ஹெல்ப் ப்ளீஸ்

கட்டப்பைத்தியம்:
முழுக்க அமைதி நோபல் ஆளுங்களை வச்சே ஒரு புதிர், பாதிக்கு மேல முடிச்சாச்சு, இந்த மூணு மட்டும் நகரவே மாட்டேங்குது.
இடமிருந்து வலம் 7: பரிசு வேண்டாம்னு சொன்னவர், 4 கட்டம், கடைசி எழுத்து 'தோ'.
இடமிருந்து வலம் 12: ரெண்டு நோபல், ரெண்டும் தனியா, அதுல ஒண்ணு அமைதிக்கு, 3 கட்டம். கியூரினு பென்சில்ல போட்டு வச்சிருக்கேன், ஆனா அவங்க அமைதிக்கு வாங்குனாங்களா என்ன?
மேலிருந்து கீழ் 9: 1978 அமைதி நோபல், 3 கட்டம். அவ்ளோதான் க்ளூ.

மேலிருந்துகீழ்:
7 லே டக் தோ. வியட்நாம்காரர், 1973ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரோட சேர்த்து கொடுத்தாங்க, எங்க நாட்டுல இன்னும் சண்டையே நிக்கலயே அப்புறம் என்ன அமைதிப் பரிசுன்னு மறுத்துட்டார். அமைதி நோபலை தானா வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான், அதனால புதிர் போடுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு.
12 பாலிங். லைனஸ் பாலிங், 1954ல வேதியியல், அப்புறம் அணுகுண்டு சோதனைக்கு எதிரா போராடினதுக்கு 1962க்கான அமைதிப் பரிசு. கியூரி வாங்குனது இயற்பியலும் வேதியியலும், இயற்பியல் பரிசும் தனியா இல்ல, கணவரும் பெக்கரலும் கூட இருந்தாங்க. அழிச்சிடுங்க.

ரப்பர்பென்சில்:
9க்கு சதாத் ப்ரோ, எகிப்து அதிபர், இஸ்ரேலோட போட்ட கேம்ப் டேவிட் அமைதி ஒப்பந்தம்.

மேலிருந்துகீழ்:
அதே வருஷம் இஸ்ரேல் பிரதமர் பெகினுக்கும் சேர்த்துதானே கொடுத்தாங்க, ச-தா-த் மூணு, பெ-கி-ன் மூணு, எதைப் போடுறது? வெறும் வருஷத்தை மட்டும் க்ளூவா கொடுக்குறது சுத்த சோம்பேறித்தனம்ங்க. ஒரே பரிசை மூணு பேர் வரைக்கும் பங்கு போடலாம், 1994ல அராஃபத், பெரஸ், ரபின்னு மூணு பேரு, அதுல பெரஸும் ரபினும் மூணு மூணு கட்டம். 1993னா கூட பரவால்ல, மண்டேலாவுக்கு 4, டி கிளர்க்குக்கு 5, எண்ணிப் பாத்தே பிரிச்சிடலாம். 2014ம் அப்படித்தான், மலாலா 3, சத்யார்த்தி 6. நான் போட்டா 'பதினேழு வயசுல வாங்கினவர்'னு போடுவேன், மலாலாவைத் தவிர வேற யாரும் உள்ள வர முடியாது.

ரப்பர்பென்சில்:
அட ஆமால்ல. குறுக்க வர்றதைப் பாத்தாதான் தெரியும்.

கட்டப்பைத்தியம்:
9ஓட கடைசி கட்டத்துல குறுக்க 'ன்' விழுதுங்க, அப்போ பெகின்தான். இன்னும் ஒண்ணே ஒண்ணு, மேலிருந்து கீழ் 15: மூணு தடவை வாங்கின அமைப்பு, 5 கட்டம். ஐ.நா.வா?

மேலிருந்துகீழ்:
செஞ்சிலுவை. 1917, 1944, 1963.