லினக்ஸ் மின்ட்ல பெர்மிசன் டினைட் எண்டே வருகுது, 777 குடுத்தும் சரிவரேல்லை

குப்பிளான்_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோட அப்டேட் நிண்டுபோச்சு, என்ர பழைய லப்டொப்புக்கு 11 ஏறாது எண்டபடியா பக்கத்திலயே லினக்ஸ் மின்ட் போட்டனான், விண்டோசும் இன்னும் கிடக்கு. நெட், பாட்டு எல்லாம் நல்லா ஓடுது, பைலுகளோடதான் மாரடிக்கிறன். மச்சான் கனடா போகேக்க தன்ர உபுண்டு (அதுவும் ஒரு லினக்ஸ்தான்) மெசினில கிடந்த ஹாட் டிஸ்க்கைக் கழட்டித் தந்துட்டுப் போனவன், அம்மம்மாவின்ர படங்கள், நல்லூர்த் திருவிழா வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான். யூஎஸ்பியால குத்தினா டிஸ்க் தெரியுது, ஆனா படங்கள் எண்ட போல்டரைத் திறந்தா பெர்மிசன் டினைட். யூடியூப்பில பாத்து, பெர்மிசன் மாத்திற சிஎச்மோட் கொமாண்டில 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) குடுத்தா ஒபரேசன் நொட் பெர்மிட்டட் எண்டுது. விண்டோசின்ர டி டிரைவ் வேற கதை, திறக்குது, பாக்கலாம், ஒண்டும் சேவ் பண்ண ஏலாது, ரீட் ஒன்லி பைல் சிஸ்டமாம், றூட் எண்ட முழு அதிகார எக்கவுண்டா ஓட்டுற சூடோ போட்டாலும் அதேதான். பிறகு படங்களைக் கொப்பி பண்ண ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அதின்ர பேரை டேர்மினலில அடிச்சா கொமாண்ட் நொட் பவுண்ட். பைல் கண்ணுக்கு முன்னால கிடக்கு! ஆராவது சொல்லுங்கோ

சும்மா_ஒருத்தன்:
சூடோ சிஎச்மோட் மைனஸ் பெரிய ஆர் 777 பிறகு ஸ்லாஷ். அடி மச்சான் எல்லாம் திறக்கும்

வேம்படியாள்:
தம்பி மேல உள்ளதை அடிச்சுப்போடாதேங்கோ!! வெறும் ஸ்லாஷ் எண்டா முழு சிஸ்டமும். பைல் அழிக்கிற ஆர்எம் கொமாண்ட் எண்டாலும் ஸ்லாஷைக் கண்டா மறுக்கும், சிஎச்மோட் ஒண்டும் கேக்காது, பேசாமல் செய்துபோடும். அதுக்குப் பிறகு சூடோவே வேலை செய்யாது, ஏனெண்டா சூடோ ஓடுறதுக்கு அந்தப் பைலில செட்யூஐடி எண்டொரு விசேச பிட் இருக்கோணும், 777 அதைத் துடைச்சுப்போடும். சூடோ இல்லாமல் திருத்தவும் ஏலாது, பிறகென்ன, திரும்ப இன்ஸ்டோல்தான்.

சும்மா_ஒருத்தன்:
சரி அக்கா பகிடிக்குச் சொன்னது

வேம்படியாள்:
புதுசா வாறதுகள் பகிடி எண்டு தெரியாமல் அடிச்சுப்போட்டு வந்து அழுறதுகள். உதை அழிச்சுவிடும்.

றூட்டண்ணை:
போனில தமிழ்க் கீபோட்டோட இருக்கிறன், கொமாண்டுகளை நீங்கள் இங்கிலீசில சின்ன எழுத்தில அடியுங்கோ, பெரிய எழுத்தெண்டா சொல்லுறன்.

தம்பிக்கு மூண்டும் மூண்டு வேற பிரச்சினை, ஒரே மருந்து சரிவராது.

முதல் டி டிரைவ். அது பெர்மிசனே இல்லை. விண்டோசில சட்டவுன் குடுத்தா அது முழுசா நிக்கிறேல்லை, பாஸ்ட் ஸ்டார்ட்டப் எண்டு ஒண்டு பாதித் தூக்கத்தில விட்டுட்டுப் போகும், அந்த நிலையில லினக்ஸ் அதில எழுதினா டேட்டா பழுதாப்போகும் எண்டுதான் வாசிக்க மட்டும் விடுது, சூடோ என்ன ஆர் வந்தாலும் அப்பிடித்தான். விண்டோசுக்குள்ள போய் கொன்ட்ரோல் பனலில பவர் ஒப்சன்சுக்குள்ள பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிப்பாட்டுங்கோ. அவசரமெண்டா சிப்ட் கீயை அமத்திக்கொண்டு சட்டவுன் குடுத்தாலும் காணும். இன்னொண்டு, டி மாதிரி என்டிஎப்எஸ் (விண்டோசின்ர பைல் சிஸ்டம்) டிரைவில சிஎச்மோட் குடுத்து மினக்கெடாதேங்கோ, மின்ட் சாதாரணமா மவுண்ட் பண்ணுற விதத்தில அது எரர் கூடக் காட்டாமல் சும்மா இருக்கும், ஒண்டும் மாறாது.

மச்சான்ர டிஸ்க் உபுண்டுவில இருந்தது எண்டா அனேகமா ஈஎக்ஸ்டி4, லினக்சின்ர பைல் சிஸ்டம். எல்எஸ்பிஎல்கே மைனஸ் எப் அடிச்சா என்ன பைல் சிஸ்டம் எண்டு காட்டும். பிறகு டிஸ்க்கைத் திறந்து எல்எஸ் மைனஸ் எல் அடிச்சு, படங்கள் போல்டர் கிடக்கிற வரியை அப்பிடியே இதில போடுங்கோ.

ஸ்கிரிப்ட்: விண்டோஸ் சிஎம்டி மாதிரி லினக்ஸ் நீங்கள் நிக்கிற போல்டருக்குள்ள தேடாது, பாத் எண்டு குறிச்சு வைச்ச இடங்களுக்க மட்டும்தான் தேடும். பேருக்கு முன்னால புள்ளி ஸ்லாஷ் போட்டு அடியுங்கோ. அப்ப பெர்மிசன் டினைட் வந்தா சிஎச்மோட் யூ பிளஸ் எக்ஸ் குடுத்தாக் காணும், 777 தேவையில்லை. சூடோ போட்டு மட்டும் ஓட்டாதேங்கோ, அது புதுசா உண்டாக்கிற கொப்பி எல்லாம் றூட்டின்ர பேரில வரும், நாளைக்கு அதுகளைத் திருத்த ஏலாமல் திரும்ப இஞ்சதான் வருவியள்.

குப்பிளான்_பொடியன்:
அண்ணை டி டிரைவ் சரிவந்திட்டுது!! ஸ்கிரிப்டும் ஓடுது. படங்கள் போல்டருக்கு டி ஆர்டபிள்யூஎக்ஸ், பிறகு முழுக்கக் கோடு, அதுக்குப் பிறகு பேர் வாற இடத்தில 1001 1001 எண்டு கிடக்கு. ஈஎக்ஸ்டி4தான். இன்னொண்டு, டேர்மினலில பாஸ்வேட் அடிக்கேக்க எழுத்துத் தெரியாமல் வெறும் நட்சத்திரம்தான் வருகுது, சிலவேளை பிழை எண்டும் சொல்லுது, கீபோட் பழுதோ?

வேம்படியாள்:
பாஸ்வேட் விசயம் நான் சொல்லுறன். எழுத்தை மறைச்சு நட்சத்திரம் காட்டுறது வேணுமெண்டுதான், கண்ணை மூடிக்கொண்டு அடிச்சு என்டர் தட்டுங்கோ. பிழை எண்டு வாறது அனேகமா தமிழ் லேயவுட் ஒன்னில கிடக்கிறதாலதான், எழுத்துத் தெரியாததால நீங்கள் தமிழ்ல அடிக்கிறது விளங்காது. கீழ பனலில மொழியைப் பாத்திட்டு அடியுங்கோ.

றூட்டண்ணை:
1001 வந்ததோட கதை விளங்கிட்டுது. டிஸ்க்கில சொந்தக்காரன்ர பேர் எழுதிறேல்லை, நம்பர்தான், காணி உறுதியில ஆளின்ர பேரை விட்டிட்டு ஐடி நம்பரை மட்டும் எழுதினமாதிரி. மச்சான்ர மெசினில ரெண்டாவதா உண்டாக்கின எக்கவுண்டுக்கு 1001 விழுந்திருக்கும். உங்கட மின்ட்டில முதல் ஆள் நீங்கள், உங்களுக்கு 1000, ஐடி எண்டு அடிச்சுப் பாருங்கோ. 1001 ஆர் எண்டு உங்கட மெசினுக்குத் தெரியாது, அதுதான் வெறும் நம்பரைக் காட்டுது. சொந்தக்காரனைத் தவிர மற்ற ஆக்களுக்கு முழுக்கக் கோடு, அதாவது ஒரு உரிமையும் இல்லை, அதாலதான் உள்ள விடேல்லை. சிஎச்மோட் குடுக்கிறதெண்டாலும் சொந்தக்காரனோ றூட்டோதான் குடுக்கலாம்.

இப்ப சொந்தக்காரனை மாத்த சூடோ சிஎச்ஓன் (சி எச் ஓ டபிள்யூ என்) மைனஸ் பெரிய ஆர், உங்கட யூசர் பேர், ஒட்டி ஒரு கோலன், திரும்ப அதே பேர், ஒரு இடைவெளி விட்டு போல்டரின்ர பாதை. பாதையைக் கையால அடியாதேங்கோ, போல்டரை இழுத்து டேர்மினலுக்குள்ள விட்டா தானா வந்து விழும். அந்தப் போல்டருக்கு மட்டும் குடுங்கோ, என்டருக்கு முதல் ஒருக்கா வடிவா வாசியுங்கோ.

குப்பிளான்_பொடியன்:
வந்திட்டுது அண்ணை!!! எல்லாப் படமும் கிடக்கு, அம்மம்மா பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறா. கனக்க நன்றி ரெண்டு பேருக்கும். லொஸ்ட் பிளஸ் பவுண்ட் எண்டு இன்னொரு போல்டர் பூட்டோட கிடக்கு, அதுக்கும் சிஎச்ஓன் குடுக்கவோ?

றூட்டண்ணை:
வேண்டாம், அது றூட்டின்ரதான். கரண்ட் போய் டிஸ்க் குழம்பினா எப்எஸ்சிகே எண்ட கொமாண்ட் டிஸ்க்கைச் சரிபாக்கேக்க அகப்படுற அநாதைப் பைலுகளைக் கொண்டுவந்து போடுற இடம், ஈஎக்ஸ்டி4 டிஸ்க் எல்லாத்திலயும் கிடக்கும். இப்ப அனேகமா வெறுமையாத்தான் இருக்கும், அப்பிடியே விடுங்கோ.