மஞ்சள் ஜாக்கெட் போட்டால் போதுமா?

மணி:
நேற்று காலை 5 மணி. சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நீலாங்கரை தாண்டும்போது ஒரு வேன் என் சைக்கிள் ஹேண்டில்பாரை உரசாத குறையாகப் போனது. நான் போட்டிருந்தது கருப்பு டி-ஷர்ட், பின்விளக்கும் இல்லை. இனி மஞ்சள் ஜாக்கெட் இல்லாமல் சைக்கிளை எடுக்கமாட்டேன். நீங்களும் வாங்கிவிடுங்கள்.

மேகலா:
உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே நிம்மதி அண்ணா. ஆனால் ஜாக்கெட்டை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2013-இல் வெளியான பாத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒருவர் 7 வகை உடைகளில் மாறி மாறி வேலைக்குப் போய்வந்தார். எதைப் போட்டாலும் 1 முதல் 2 சதவீத வண்டிகள் 50 செ.மீ.க்குள் நெருங்கித்தான் முந்தின. 'போலீஸ்' என்ற சொல்லோடு, வீடியோ எடுப்பதாக எழுதிய உடைக்கு மட்டும் 5 செ.மீ. போல கூடுதல் இடம் கிடைத்தது. அப்படியென்றால் நம்மைப் பார்த்துவிட்டுத்தானே உரசுகிறார்கள்?

குமரன்:
அது முந்தும்போது விடும் இடைவெளி, மேகலா. பார்க்காமலே வந்து மோதுவது வேறு. டென்மார்க்கில் 6,793 பேரை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் ஜாக்கெட் கொடுக்கப்பட்ட பாதிப் பேருக்கு, மற்றவர்களோடு மோதிக் காயப்படுவது 47 சதவீதம் குறைந்தது.

மேகலா:
அது சைக்கிள் ஓட்டியவர்களே சொன்ன கணக்கு. ஆய்வாளர்களே அதைத் திருத்தி 38 ஆக்கினார்கள்.

குமரன்:
38 மட்டும் சின்ன எண்ணா? ஆனால் மணி அண்ணா, ஒன்று கவனியுங்கள். ஃப்ளோரசன்ட் மஞ்சள் பளிச்சென்று தெரிவது வெயிலின் புற ஊதாக் கதிரால். விடிவதற்கு முன் அது வெறும் வெளிர்ச் சட்டைதான். இருட்டில் உதவுவது ரிஃப்ளெக்டர் பட்டை. ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுநர் பக்கமே திருப்பி அனுப்பும். அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்கும்போது மேலும் கீழும் போவதால் ஆள் வருகிறான் என்று தூரத்திலேயே புரியும். சிவப்புப் பின்விளக்கு கட்டாயம். 60 கி.மீ. வேகத்தில் வருபவர் ஒரு நொடிக்குள் 16 மீட்டருக்கு மேல் வந்துவிடுவார்.

மேகலா:
விளக்குக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஓரத்து மணலில் ஒட்டி ஓட்டினால்? நிற்கும் கார்களுக்குப் பின்னால் மறைந்துவிடுவோம். ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி ஓட்ட வேண்டும்.

மணி:
பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறதே?

மேகலா:
ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் அண்ணா. எனக்கு அடிக்காமல் வருகிறவரிடம்தான் பயம்.

மணி:
பின்விளக்கு இன்றே வாங்கிவிட்டேன். தள்ளி ஓட்டத்தான் இன்னும் மனசு வரவில்லை.

மேகலா:
ஞாயிறு திருவான்மியூரிலிருந்து கிளம்புகிறோம். என் பின்னாலேயே வாருங்கள்.