ராமேஸ்வரத்தில் பவளப்பாறை, கடல்பசு பார்க்க முடியுங்களா?

கோபிக்காரன்: பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோமுங்க. பவளப்பாறையும் கடல்பசுவும் பக்கத்தில் போய்ப் பார்க்க வழியிருக்குங்களா? பையன் நச்சரிக்கிறான்.

நொய்யல்: பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால் போங்க, அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, கிளம்பும் முன்னால் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று, மற்றதில் இஷ்டத்துக்கு இறங்க விடமாட்டார்கள். நேரம் நல்ல நேரம்தான். ஆடிக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடக்குப் பக்கம்.

பவானி அக்கா: கடல்பசுவை மறந்துடு தம்பி. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும், 2022ல் அதற்கென்றே காப்பகமும் அறிவித்தார்கள், ஆனால் மூச்சுவிட மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும், மீனவர்கள் கண்ணிலேயே அரிதாகத்தான் படும்.

நொய்யல்: அப்புறம், பவளத்தின் மேல் கால் வைக்க விடாதீங்க. பாறை மாதிரி தெரிந்தாலும் உயிருள்ளது, மிதித்தால் ஒடியும். கடையில் பவளத் துண்டு கொடுத்தாலும் வாங்காதீங்க, வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கோபிக்காரன்: சரிங்கண்ணா. குந்துகாலுக்கு பஸ் இருக்குங்களா, கார்தானா?