சிவன் கோயில் திருப்பணி – பங்காளிகள் குழு

பெரியப்பா: வர்ற வெள்ளிக்கிழமை பாலாலயம். சாமியோட சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாத்திட்டுத்தான் திருப்பணியை ஆரம்பிக்கணும். காலைல 6 மணிக்கெல்லாம் எல்லாரும் வந்துடணும் 🙏

கார்த்தி: பெரியப்பா, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கோயிலைத் திறந்து விடணும். சுவர் மொத்தத்தையும் படம் எடுத்து வச்சுக்கறேன்.

சித்தப்பா: போன கும்பாபிஷேகத்துக்கே வீடியோ எடுத்தோமேடா. சிடி பீரோல கிடக்கு.

கார்த்தி: அதுல நம்ம மூஞ்சிதான் இருக்கு சித்தப்பா 😄 வடக்குப் பக்கம் அதிட்டானத்துல, அதாவது சுவருக்கு அடியில இருக்கற பீடத்துல, உள்ள கல்வெட்டு ஒரு வரிகூட இல்ல. பாதி சுண்ணாம்புக்குள்ள கிடக்கு. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணிட்டா எழுத்து மழுங்கிடும். அப்புறம் யாரு வந்தாலும் படிக்க முடியாது.

அத்தை: எடுத்துக்கப்பா. மூலவரை மட்டும் எடுக்காத. எங்கப்பா இருந்தவரைக்கும் காலண்டர்க்காரனையே உள்ள விடல.

கார்த்தி: கருவறைப் பக்கமே போகல அத்தை. ஆனா உற்சவர், வெளிச்சுவர் மாடத்துல இருக்கற கோஷ்டத்துச் சாமி எல்லாம் வேணும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் நம்ம அரியலூர்ப் பக்கம்தானே? திருடுபோய் 2008ல ஆஸ்திரேலியாவுல இருக்கற கான்பெரா அருங்காட்சியகத்துக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலருக்கு வித்துட்டாங்க. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க 1994லயே கோயில்ல வச்சு எடுத்த படம் இருந்துச்சு. அதான் சாட்சி. 2014ல திரும்பி வந்தாரு.

சுதா: விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் அப்படித்தான். அவங்க 1974ல எடுத்து வச்ச படம்.

மாமா: சரி, நீ படத்தை ஃபேஸ்புக்ல போட்டேன்னா திருடனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி.

கார்த்தி: எங்கயும் போடமாட்டேன் மாமா. லொகேஷனையும் அணைச்சுடுவேன். ஒரு டிஸ்க் பெரியப்பாகிட்ட, ஒண்ணு என்கிட்ட.

சித்தப்பா: 3டி ஸ்கேன்னா செலவு எவ்வளவுடா? வசூல் இன்னும் பாதிகூட வரல.

கார்த்தி: என் போனே போதும். கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து எடுக்கணும், ஒரு படத்துல இருக்கறது பாதிக்கு மேல அடுத்ததுலயும் வரணும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கோத்துக்கும். கல்வெட்டை மட்டும் ராத்திரில எடுக்கணும். டார்ச்சை நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல அடிச்சாதான் பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

சுதா: பக்கத்துல ஒரு ஸ்கேல் வை. போன தடவை மறந்துட்டே. தூண் எத்தனை அடின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல 🤦

பெரியப்பா: ராத்திரின்னா குருக்கள்ட்ட கேக்கணும். செயல் அலுவலருக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்துடு. புதன்கிழமை சாயரட்சை முடிஞ்சு வா. வடக்குப் பக்கம் கருவேலமுள்ளு, பாத்து.

அத்தை: [படம்] 1981. என் கல்யாணம். எனக்குப் பின்னாடி சண்டிகேசுவரர் இருக்காரு பாரு, மூக்கு முழுசா இருக்கு.

பெரியப்பா: அட ஆமா! நான் பொறந்ததுலேருந்தே மூக்கு உடைஞ்சுதான் இருக்குன்னு நெனச்சேன்.

கார்த்தி: அத்தை, சட்டத்துலேருந்து கழட்டிடாதீங்க! கண்ணாடில ஒட்டியிருந்தா கிழிஞ்சுடும். நாளைக்கே ஸ்கேனரோட வர்றேன்.

அத்தை: வா. சாப்பிடாம வா.