பழைய கட்டட வேலையில் இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்: உங்களுடையதைப் பகிருங்கள்

ஜல்லிக்கட்டை:
ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீடு. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி அடிக்கும் பழைய முறை. ஒரு அறைக்கு மேல் மட்டும் தேக்குச் சட்டங்கள் செல்லரித்து இறங்கிவிட்டன. சட்டம் மாற்றி, செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி முடித்தாயிற்று. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடிக்க வேண்டும். கான்ட்ராக்டர் அனுப்பிய பையன்கள் அந்த வேலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மேஸ்திரி எங்கோ தேடி ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார், எழுபதைத் தாண்டியவர்.

கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். மேல்பக்கம் மட்டமானதும் பையன்கள் கட்டையை வைத்துவிட்டார்கள். அந்த அம்மா ஒரு கட்டையை எடுத்து அவர்கள் அடித்த இடத்தில் போட்டார். சொத்தென்று விழுந்து அங்கேயே படுத்தது. தான் அடித்த மூலையில் போட்டார். துள்ளி எழும்பியது. "கட்டை எகிறணும் கண்ணு. எகிறலைன்னா உள்ள சந்து இருக்கு, மழைத்தண்ணி தேடிப் போயி உக்காந்துக்கும்" என்றார். என் ஸ்பெசிஃபிகேஷனில் நான் ஒரு பத்தி எழுதியிருந்த விஷயம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை கூலி. பையன்கள் பெயருக்கு நேரே கொத்தனார், அந்த அம்மாவுக்கு நேரே சித்தாள். "நான் சொல்லிக் குடுத்த பசங்களுக்கு எவ்ளோ சார்?" என்று என்னைத்தான் கேட்டார். கான்ட்ராக்டரிடம் போனால், "எஸ்டிமேட்ல டெரஸ் அடிக்கிற ஆளுன்னு ஐட்டமே இல்லையே சார், லேடீஸ்னா சித்தாள்தான்" என்றார். கூரை இன்றுவரை ஒழுகவில்லை.

திருப்பணி சிவில்:
கோயில் கல்லில் மணலைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சிச் சுத்தம் செய்யும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குத் தடை இருக்கிறது, தெரியும், அதைச் சொல்ல யாரும் வர வேண்டாம். கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்ட கோயில், கம்ப்ரஸர் ராத்திரியில் வந்தது. அப்போது நான் ஜூனியர். மண்டபத் தூண் ஒன்றில் அடிப்பக்கம் கல்வெட்டு. முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளும் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். காலையில் போய்த் தடவினால் தூண் முழுக்க ஒரே சொரசொரப்பு, எழுத்து எங்கே தொடங்குகிறது என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டியிருந்தது. உபயதாரர் வந்தார், "புதுசு மாதிரி ஆயிடுச்சே!" என்று அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சேர்த்துச் சால்வை போட்டார்கள்.

பீச் ரோடு:
முதல் பதிவுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பு என்றாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம் துறையில் அதிகமாகிவிட்டது. புதுச்சேரியின் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம்தானே? 2014 நவம்பர் மழையில் விழுந்தது. அந்தக் குவியலுக்கு முன்னால் நான் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், "இங்கதான் என் கல்யாணத்தைப் பதிஞ்சாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 2021இல் திறந்தது அதே முகத்தோடு புதிதாகக் கட்டியது. அவருக்கு அது போதுமா போதாதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நாம் மட்டும் 'ரெப்ளிகா' என்று மூக்கைச் சுளிக்கிறோம்.

காரைச்சுவர்:
பீச் ரோடு, நியாயமாகப் பேசுங்கள். வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டால் எந்தக் கட்டடம்தான் நிற்கும்? பழி மட்டும் சுண்ணாம்புக்கா? நவீனப் பொருளை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரேக்கத்தின் பழங்காலக் கோயிலான பார்த்தினானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து உப்பி, சலவைக்கல்லையே வெடிக்க வைத்தன. அப்புறம் அதை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். அது துருப்பிடிக்காது, அதனால் வைக்கிறார்கள்.

என் அனுபவம் சின்னது. செட்டிநாட்டில் ஒரு வீடு, கீழ்ச்சுவரில் ஈரம் என்று இடுப்புயரத்துக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். தட்டியதும் பூச்சு பலகை போலக் கழன்று வந்தது, பின்னாலேயே செங்கல் உப்பும் தூளுமாகக் கொட்டியது. வீட்டுக்கார ஆச்சி விளக்குமாறோடு வந்து, "இதுக்குத்தான் காசு குடுத்தமா?" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள், ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் அப்படித்தான். சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கு அடியில் வாரக்கணக்கில் வையுங்கள், அவசரப்பட்டால் நீறாத கட்டி பூச்சுக்குள் போய் நீறி, மேலே கொப்பளிக்கும். மெல்லிசாகப் பல கோட்டாகப் பூசுங்கள். வெயிலில் காயவிடாதீர்கள், ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இறுகுவதற்கு அந்த ஈரம் வேண்டும். பழைய காரையின் கலவை விகிதம் தெரிய வேண்டுமா? காரையைப் பொடித்து எடை போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் நிற்கும். கழுவி, காயவைத்து, மறுபடி எடை பாருங்கள். கடற்கரை ஊர் என்றால் மணலில் இருக்கும் சிப்பித் துண்டும் சேர்ந்து கரையும், கணக்கு உதைக்கும். அப்புறம் கடுக்காயை...

திருப்பணி சிவில்:
அண்ணா, போதும். என் தூணுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஜல்லிக்கட்டை:
சுண்ணாம்பு நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவே இல்லையே! அடுத்த வேலையின் எஸ்டிமேட்டில் 'டெரஸ் அடிப்பவர், கொத்தனார் கூலி' என்று தனி வரியாகவே போட்டேன். சரிபார்த்தவர் பென்சிலால் சுழித்து, "ரேட்டுக்கு ஆதாரம்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படி ஒரு வரியை யாராவது பாஸ் பண்ண வைத்திருந்தால், எந்தத் தலைப்பில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.