அம்மாவுக்கு வாய்ல கேன்சர், ஏஐ தந்த ட்ரயல் லிஸ்ட் ஒன்னுமே சரிவரல, அவசரம்

பொகவந்தலாவ பையன்:
யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்கு வாய்ல கேன்சர், ஸ்டேஜ் 4. புது மருந்து ட்ரயல் எதுலயாவது சேக்கலாமான்னு ஃபோன்ல இருக்க ஏஐ ஆப்ல கேட்டேன், நம்பரோட லிஸ்ட் ஒன்னு தந்துச்சு. அந்த நம்பர போட்டு தேடினா சிலது வரவே இல்ல, ஒன்னு தெறந்தா முழங்கால் வலி ட்ரயல், மத்ததெல்லாம் அமெரிக்கா கொரியான்னு இருக்கு. பிழைன்னு சொன்னா மன்னிப்பு கேட்டுட்டு வேற நம்பர் தருது. எப்படி கேட்டா சரியா தரும்? காசு கட்டுற வெர்ஷன் எடுத்தா சரியாகுமா?

ஊவா காத்து:
தம்பி இத மட்டும் வச்சி ஒன்னும் சொல்ல ஏலாது. வாய்ல எங்க, நாக்கா கன்னமா ஈறா? அம்மாவுக்கு என்ன வயசு? ஆபரேஷன் முடிஞ்சதா, கரண்ட் (ரேடியேஷன்) புடிச்சாங்களா, மருந்து ஏத்துனாங்களா? வேற சுகயீனம் இருக்கா, சீனி, பிரஷர்? டயக்னோசிஸ் கார்ட்ல ஸ்டேஜ் பக்கத்துல இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து ஏதாவது இருக்கா பாருங்க.

லயத்துப் பிள்ளை:
ட்ரயல் தேடி நேரத்த வீணாக்காதீங்க. மும்பாய் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில, ஒடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டுற நிவோலுமாப் மருந்த வெறும் 20 மில்லிகிராம், மூனு வாரத்துக்கு ஒருக்கா குடுத்து பாத்தாங்க, வழக்கமான டோஸ் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 240. கூடவே மூனு வகை குளிசை. 2022ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருந்தவங்க 16 சதவீதத்துல இருந்து 43க்கு கூடிருச்சு. தலை, கழுத்து, வாய் கேன்சருக்கு நம்மள மாதிரி காசில்லாத சனத்துக்கு இத விட நல்ல செய்தி கெடையாது. டாக்டர்கிட்ட இத கேளுங்க.

பழைய ஃபார்மசி:
ஒவ்வொரு மாசமும் இதே கேள்வி, இதே பதில், யாரும் பழச வாசிக்கறதில்ல. மறுபடியும் சொல்றேன், கவனமா வாசிங்க. சும்மா பேசற ஏஐ ஆப்புக்கு ட்ரயல் நம்பர் மனப்பாடம் கெடையாது, நம்பர் மாதிரி ஒன்ன கோர்த்து தரும். அமெரிக்க பதிவேடான கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ்ல என்சிடின்னு தொடங்கி 8 இலக்கம். அந்த மாதிரி எத அடிச்சாலும் ஏதோ ஒரு ட்ரயல் தெறக்க வாய்ப்பிருக்கு, முழங்கால் வலி வந்தது அதால தான். காசு கட்டினாலும் நம்பர நீங்க தான் போய் சரி பாக்கணும்.

முறை இது. முதல்ல பதிவேட்டுக்கு நீங்களே போங்க. இலங்கைக்கு எஸ்எல்சிடிஆர், இலங்கை மருத்துவ சங்கம் நடத்துது, 2006ல இருந்து இருக்கு. இந்தியாவுக்கு சிடிஆர்ஐ. அதுல ஆள் சேக்கறாங்கன்னு போட்டிருக்கறத மட்டும் எடுங்க. அமெரிக்க பதிவேட்டுல அன்நோன் ஸ்டேட்டஸ்னு இருந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் அத புதுப்பிக்கலன்னு அர்த்தம், விட்டுடுங்க. பொறகு அந்த ட்ரயலோட நிபந்தனைகள அப்படியே கொப்பி பண்ணி ஏஐக்கு குடுத்து, ரிப்போர்ட்டோட ஒவ்வொன்னா ஒப்பிடு, பொருந்துது, பொருந்தல, ரிப்போர்ட்ல இல்ல, இந்த மூனுல ஒன்ன மட்டும் சொல்லுன்னு கேளுங்க. அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்ஐஎச், அந்த ஆட்கள் 2024ல நோயாளிக்கு ட்ரயல் பொருத்திப் பாக்குற ஏஐ ஒன்ன ட்ரயல்ஜிபிடின்னு வெளியிட்டாங்க, அதுவும் இப்படி நிபந்தனை நிபந்தனையா தான் பாக்குது, சுமார் 87 சதவீதம் சரி. அதுவே பதிவேட்டுல இருக்கறதுல இருந்து தான் எடுக்குது, தன் தலையில இருந்து இல்ல. இவ்வளவு தெரியாம ஏஐ மேல பழி போட்டு பிரயோசனமில்ல.

ஊவா காத்து:
அண்ணே விஷயம் சரி, அந்த பையன் அம்மாவ வச்சிக்கிட்டு பதறிப்போய் கேக்குறான், கொஞ்சம் தன்மையா சொல்லலாம்.

நோர்வூட் அக்கா:
தம்பி அம்மா வெத்தல போடுவாங்களா? இன்னும் போடுறாங்கன்னா இன்னைக்கே நிப்பாட்ட சொல்லுங்க, வைத்தியம் எதுவா இருந்தாலும்.

லயத்துப் பிள்ளை:
வெத்தல பாக்குல ஒன்னும் இல்ல அக்கா, பொகையில தான் எமன். எங்க பாட்டி பொகையில தொடாம வெறும் வெத்தல பாக்கு மட்டும் போட்டு நல்லா தான் இருந்தாங்க.

நோர்வூட் அக்கா:
அந்த பேச்ச நம்பித்தான் நம்ம தோட்டத்துல எத்தன பொம்பளைங்க போய் சேந்தாங்க. உலக சுகாதார ஸ்தாபனத்தோட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லயே எழுதிட்டாங்க, பொகையில இல்லாட்டியும் வெத்தல பாக்கு கேன்சர் குடுக்கும், பாக்கே தனியா குடுக்கும்னு. நான் கொழுந்து எடுத்தவ. விடிய பனியில மலைக்கு ஏறுறப்போ வாய்க்கு சூடா இருக்கட்டும்னு இடுப்புல சுருக்குப்பை, அதுல பாக்கு, சுண்ணாம்பு, காஞ்ச பொகையில துண்டு. பத்து மணி தேத்தண்ணிக்குள்ள ரெண்டு தரம் போட்டுருவோம். கன்னத்துக்குள்ள வெள்ளையா படை வந்தாலும் சுண்ணாம்பு சுட்டதுன்னு விட்டுருவோம், அங்க தான் ஆரம்பிக்குது. பொகையில மட்டும்னு சொல்லி யாருக்கும் தைரியம் குடுக்காதீங்க.

மலைச்சாரல்:
எனக்கு ட்ரயல்னாலே ஒத்துக்காது. நம்ம தோட்டத்து சனத்த வச்சி மருந்து சோதிச்சிட்டு போயிருவாங்க.

ஊவா காத்து:
அப்படி பயப்படறதுல நியாயம் இருக்கு, ஆனா முறையான ட்ரயல்னா ஒழுக்கநெறி குழு அனுமதி வேணும், வெளங்குற பாஷையில பத்திரம் தரணும், நடுவுல விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிக்கக் கூடாது. பத்திரத்த தமிழ்ல கேளுங்க, தரலன்னா கையெழுத்து வைக்காதீங்க. ட்ரயல் மருந்துக்குன்னு யாராவது காசு கேட்டா அந்த பக்கமே போகாதீங்க.

பொகவந்தலாவ பையன்:
அம்மாவுக்கு 58, சீனி இல்ல. கீழ் ஈறு, தாடை பக்கம். கார்ட்ல ஸ்குவாமஸ், டி4ஏ என்1 எம்0ன்னு இருக்கு. வைத்தியம் இன்னும் ஒன்னும் தொடங்கல. தாடை எலும்புல ஒரு பகுதிய எடுக்கணும்னு ஆபரேஷனுக்கு டேட் குடுத்திருக்காங்க, அம்மா மொகம் போயிரும்னு ராப்பகலா அழுறாங்க, மருந்துலயே சரியாக்க வழி இருக்கான்னு தான் தேடுறேன்.

பதுளை மிஸ்ஸி:
தம்பி, முக்கியமானது இந்த ஒரு வரியில தான் இருக்கு. ஸ்குவாமஸ்ங்கறது வாயோட உள்தோல்ல வர்ற வகை. எம்0ன்னா நுரையீரல், ஈரல்னு தூரத்துக்கு பரவல. டி4ஏன்னா பக்கத்து எலும்புக்குள்ள போயிருக்கு. என்1ன்னா கழுத்துல ஒரு நெறிகட்டிக்கு போயிருக்கு. இது மூனும் சேந்தா 4ஏ. வாய் கேன்சர்ல 4ஏ, 4பி, 4சின்னு இருக்கு, ஒடம்பெல்லாம் பரவினது 4சி. நீங்க வெறும் ஸ்டேஜ் 4ன்னு அடிச்சதும் ஏஐ அத பரவிட்ட கேன்சர்னு எடுத்து, அந்த ஆட்களுக்கான ட்ரயலா பொறுக்கியிருக்கும். மும்பாய் சின்ன டோஸ் விஷயமும் அப்படித்தான், அது கேன்சர் திரும்பி வந்தவங்களுக்கும், சொகமாக்க ஏலாத அளவுக்கு முத்தினவங்களுக்கும் செஞ்சது. அம்மாவுக்கு அது இல்ல.

4ஏன்னா பொதுவா சொகமாக்குற நோக்கத்துல தான் ஆபரேஷன் பண்றாங்க, பொறகு கரண்ட். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நிவோலுமாப் மாதிரியே இன்னொரு மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சேக்கறத 2025 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, அதுலயும் ஆபரேஷன விடல. ட்ரயல் தேடுறேன்னு குடுத்த டேட்ட தள்ளிப்போடாதீங்க, இந்த நோய் காத்துக்கிட்டு இருக்காது.

இன்னொன்னு, அம்மா இப்பவும் வேலைக்கு போறாங்களா, இல்ல பாதி நாள் படுக்கையா? ட்ரயல் காரங்களும் டாக்டரும் முதல்ல பாக்கறது அது தான், கார்ட்ல ஈகாக்ன்னு 0ல இருந்து 4 வரைக்கும் போடுவாங்க.

ஏஐய இப்ப இதுக்கு பாவிங்க: கார்ட்ல உள்ளத அப்படியே அடிச்சி, சர்ஜன்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதித் தர சொல்லுங்க. எடுத்த தாடைக்கு கால் எலும்பு வச்சி கட்டுவாங்களா, எத்தன நாள் குழாய்ல சாப்பாடு, பேச்சு எப்படி இருக்கும், எனக்கு பொருத்தமான ட்ரயல் இங்க இருக்கா. கார்ட்ட படம் எடுத்து போடறதா இருந்தா பேர், அடையாள அட்டை நம்பர், கிளினிக் நம்பர் மறைச்சி போடுங்க.

பழைய ஃபார்மசி:
4ஏ விஷயம் சரி. முதல் பதிவுலயே கார்ட்ல இருக்கறத போட்டிருந்தா இவ்வளவு சுத்தியிருக்க தேவையில்ல.

லயத்துப் பிள்ளை:
மிஸ்ஸி சொல்றது சரி, கேன்சர் திரும்பி வந்தவங்களுக்குன்னு நான் சொல்லாம விட்டேன். ஆனா பாட்டி விஷயத்துல அக்கா சொல்றத நான் ஏத்துக்கல.

நோர்வூட் அக்கா:
ஏத்துக்க வேணாம் தம்பி, வீட்டுல யாரும் போடுறாங்கன்னா டார்ச் அடிச்சி வாய்க்குள்ள மட்டும் பாத்துருங்க.

பொகவந்தலாவ பையன்:
கிளினிக் போயிட்டு வந்தோம். பரவலன்னு டாக்டரும் சொன்னாரு. கேள்விய பேப்பர்ல எழுதி குடுத்தோம், தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தங்க நின்னு வெளங்கப்படுத்துனாங்க. கால் எலும்பு வச்சி கட்டுவாங்களாம். இப்ப அம்மாவுக்கு பொருந்துற ட்ரயல் ஒன்னும் இல்லையாம். அம்மா சரின்னுட்டாங்க. பஸ்ல இருக்கேன், எல்லாருக்கும் நன்றி.

பதுளை மிஸ்ஸி:
சந்தோஷம் தம்பி. கரண்ட் புடிக்க முந்தி பல்லெல்லாம் பல் டாக்டர்கிட்ட காட்டணும், கழட்ட வேண்டியத முதல்லயே கழட்டிருவாங்க, பொறகு கழட்டினா தாடை எலும்பு ஆறாம போகலாம். அத யாராவது சொன்னாங்களா? இல்லாட்டி அடுத்த கிளினிக்ல கேளுங்க.